திறந்துவிட்டவர் யார்?

மறைந்திருக்கும் ஒன்றைத் தேடிக் கண்டடைவதில் மனித மனத்திற்குத் தணியாத வேட்கை உண்டு. குழந்தை முதன்முதலில் ஆடும் ஆட்டமே அதுதான். தாயின் முந்தானைக்குப் பின்னால் மறைந்த முகம் மீண்டும் வெளிப்படும்போது அது கைகொட்டிச் சிரிக்கிறது. வளர்ந்த பின்னும் அந்தச் சிரிப்பு நம்மை விட்டுப் போவதில்லை. கண்ணாமூச்சி ஆடுகிறோம், விடுகதை போடுகிறோம். வீட்டில் பூட்டிய பெட்டி ஒன்று இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்காத பிள்ளை உண்டா?

இந்தப் பழைய வேட்கை நம் பிள்ளைகளின் வீடியோ விளையாட்டுகளிலும் இடம்பிடித்துக்கொண்டது. குறிப்பாக, இருவர் எதிரெதிரே நின்று மோதும் சண்டை விளையாட்டுகளைச் சொல்லவேண்டும். ஆட்டம் தொடங்குமுன் வீரர்களின் முகங்கள் திரையில் வரிசையாகத் தோன்றும். அவர்களுள் ஒருவரைத் தேர்ந்துகொண்டு ஆடவேண்டும். ஆனால் எல்லா வீரர்களும் அந்த வரிசையில் நிற்பதில்லை. சிலர் உள்ளே ஒளிந்திருப்பர். குறித்த செயலைக் குறித்த முறையில் செய்து முடித்தவருக்கே அவர்கள் வெளிப்படுவர். அந்த ஒளிந்திருக்கும் வீரர்களைப் பற்றியும், அவர்களை வெளிக்கொணர்ந்த ஒருவனைப் பற்றியுமே இங்கு எழுத விழைகிறேன்.

'சண்டை விளையாட்டைப் பற்றியா கட்டுரை?' என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 'மார்ட்டல் காம்பட்' போன்ற விளையாட்டுகளில் தெறித்த இரத்தத்தைப் பற்றி 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க மேலவையிலேயே விசாரணை நடந்தது. அதன் விளைவாக, எந்த விளையாட்டு எந்த வயதினர்க்கு உரியது என்று தரம் பிரிக்கும் அமைப்பு ஒன்று 1994-இல் அங்கே உருவாயிற்று. பெற்றோர் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நான் சொல்ல வருவது வேறு.

1992-இல் வெளிவந்த அதே 'மார்ட்டல் காம்பட்'டில் ரெப்டைல் என்ற பச்சை உடை வீரன் ஒருவன் ஒளிந்திருந்தான். மஞ்சள் உடை அணிந்த ஸ்கார்ப்பியன், நீல உடை அணிந்த சப்-ஜீரோ ஆகிய இருவரின் வித்தைகளும் அவனிடம் இருந்தன. அவனைச் சந்திப்பது எளிதன்று. பள்ளத்தின் மேலே அமைந்த பாலத்தில் சண்டை நடக்கவேண்டும். வானத்து நிலவின் குறுக்கே ஒரு நிழல் பறக்கவேண்டும். இரண்டு சுற்றுகளிலும் ஓர் அடிகூட வாங்காமல், தடுப்பதற்கென்று ஒரு முறைகூடப் பொத்தானைத் தொடாமல் வெல்லவேண்டும். இறுதியில் அந்த விளையாட்டிற்கே உரிய கொடூரமான முடிவடியையும் அடிக்கவேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் ரெப்டைல் எதிரே வந்து நிற்பான்.

இப்படி ஒளித்துவைக்கும் பழக்கத்தின் வேரைத் தேடினால் நெஞ்சைத் தொடும் ஒரு நிகழ்ச்சி கிடைக்கிறது. 1980-ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் வாரன் ராபினெட். உருவாக்கியவரின் பெயரை வெளியிடும் வழக்கம் அன்று அந்த நிறுவனத்தில் இல்லை. உழைப்பு அவருடையது, பெயர் நிறுவனத்துடையது. ராபினெட் யாரிடமும் சொல்லாமல் விளையாட்டுக்குள்ளேயே ஓர் இரகசிய அறையைக் கட்டி, அதில் தம் பெயரை எழுதிவைத்தார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு புள்ளி ஒன்றைக் கண்டெடுத்துச் சுமந்து சென்றால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். பின்னர் ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்திற்குக் கடிதம் எழுதியபோது, ராபினெட் வேலையை விட்டே போயிருந்தார்.

1993-இல் வந்த இரண்டாம் 'மார்ட்டல் காம்பட்'டிலும் இதன் சாயலைக் காணலாம். அதில் நூப் சைபாட் என்ற கரிய நிழல் வீரன் ஒளிந்திருந்தான். விளையாட்டை உருவாக்கிய எட் பூன், ஜான் டோபியாஸ் ஆகிய இருவரின் குடும்பப் பெயர்களையும் ஆங்கிலத்தில் பின்னிருந்து முன்னாக எழுதினால் கிடைப்பதே அந்தப் பெயர். மதுரையின் ஆயிரங்கால் மண்டபத்திலும் திருமலை நாயக்கர் மகாலிலும் வேலை செய்த கைகள் எத்தனை ஆயிரம்! அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? உழைத்தவன் தன் பெயரை எங்காவது ஒரு மூலையில் விட்டுச் செல்ல விரும்புவது இயற்கைதானே.

ஒளிந்திருப்பவர் உண்டு என்று தெரிந்துவிட்டால், இல்லாதவரையும் இருப்பதாக எண்ணுவது மனித இயல்பு. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற விளையாட்டில் ரியூ என்ற வீரன் வென்றபின் பேசும் வசனத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்துவிட்டனர். ஓர் அடியின் பெயர் ஷெங் லாங் என்ற ஆளின் பெயர்போல் ஆகிவிட்டது. 1992 ஏப்ரலில் அமெரிக்க விளையாட்டு இதழ் ஒன்று, அந்த ஷெங் லாங்கைச் சந்திக்கும் வழி இதுதான் என்று முட்டாள்கள் தினக் குறும்பாக எழுதியது. உலகெங்கும் பிள்ளைகள் அதை நம்பி, இல்லாத ஒருவனைத் தேடி நாணயங்களைக் கொட்டினர். 'மார்ட்டல் காம்பட்'டிலோ இதற்கு நேர்மாறாக நடந்தது. பிழைகளை எண்ணுவதற்காக இயந்திரத்தின் உட்பட்டியலில் எழுதப்பட்டிருந்த ஒரு சொல்லை எர்மாக் என்ற சிவப்பு வீரனின் பெயர் என்று பிள்ளைகள் நம்பினர். தேடித் தேடிச் சலித்தனர். கடைசியில் 1995-இல் உருவாக்கியவர்களே எர்மாக் என்ற வீரனைப் படைத்து விளையாட்டில் சேர்த்தனர். தேடியவர்களின் நம்பிக்கையே அவனுக்கு உயிர் கொடுத்தது எனலாம்.

அந்த ஆங்கில இதழ்கள் எவையும் எங்கள் மதுரைக்கு வந்ததாக நான் அறியேன். வந்தாலும் வாங்கிப் படிக்கும் வசதி எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. இங்கே இரகசியங்கள் வாய்மொழியாகவே பயணம் செய்தன. விடுமுறைக்குச் சென்னை சென்று வந்த ஒருவன் ஒன்றைக் கொண்டுவருவான். திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் பேருந்தில் வந்து போகும் மாணவர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுசெல்வார்கள். அதில் பாதி உண்மை, பாதி புரளி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மற்றொருவனிடம் கேட்டே ஆகவேண்டும். தெரிந்தவன் சொல்லியே ஆகவேண்டும்.

2002-ஆம் ஆண்டில் சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் சிறிய வீடியோ கேம் கடை இருந்தது. இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள், இரண்டு ப்ளேஸ்டேஷன் கருவிகள், நான்கு முக்காலிகள், ஒரு மேசை விசிறி ஆகியவையே அதன் சொத்து. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடலாம். அங்கே பிள்ளைகள் உயிரை விட்டது 'டெக்கன் 3' என்ற விளையாட்டிற்காக. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1997-இல் நாணயம் போட்டு ஆடும் இயந்திரங்களில் வெளியிட்டு, 1998-இல் ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த விளையாட்டு அது.

ப்ளேஸ்டேஷனில் அதைத் தொடங்கும்போது பத்து வீரர்கள் மட்டுமே நிற்பார்கள். பிரேசில் நாட்டுக் கப்போயிரா நடனச் சண்டை ஆடும் எடி, ஜாகுவார் தலை அணிந்த கிங், வாளேந்திய யோஷிமிட்சு முதலியோர் அவர்களுள் அடங்குவர். மற்றவர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பார்கள். ஒரு வீரனை எடுத்துக்கொண்டு எதிரிகள் எல்லோரையும் வரிசையாக வென்று இறுதிவரை சென்றால், பூட்டியிருந்தவர்களுள் ஒருவர் திறப்பார். அடுத்த வீரனை எடுத்து மீண்டும் இறுதிவரை சென்றால் இன்னொருவர் திறப்பார். கூமா என்ற கரடி, மோகுஜின் என்ற மரப்பொம்மை, ஹெய்ஹாச்சி என்ற முதியவர், ஓகர் என்ற அரக்கன் எனப் பலர் இப்படி வெளிவருவர். மோகுஜினுக்கென்று சொந்த வித்தை ஏதும் கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறொரு வீரரின் வித்தையை அவன் எடுத்துக்கொள்வான். முதுகுவலியால் நிற்க முடியாமல் தரையில் விழுந்துகொண்டே சண்டையிடும் மருத்துவர் பாஸ்கனோவிச்சைத் திறக்க, 'டெக்கன் ஃபோர்ஸ்' என்ற தனி ஆட்டத்தை நான்கு முறை முடிக்கவேண்டும்.

இப்படிப் பாடுபட்டுத் திறந்தவர்களை நினைவில் வைக்க 'மெமரி கார்டு' என்ற சிறு அட்டை தேவை. அந்தக் கடையில் அது இல்லை. அட்டை இல்லாவிட்டால், மின்சாரத்தை நிறுத்தியவுடன் திறந்த கதவுகள் அனைத்தும் மூடிக்கொள்ளும். இரவு கடை அடைக்கும்போது இருபது பேருக்கு மேல் இருந்த வரிசை, காலையில் மீண்டும் பத்தாய்ச் சுருங்கிவிடும். நடுவில் மின்வெட்டு வந்தாலும் அதே கதிதான். பணம் கொடுத்து வருபவன் தன் ஒரு மணி நேரத்தைக் கதவு திறப்பதில் செலவிட விரும்புவானா? "ஆளெல்லாம் ஓப்பன் ஆகியிருக்கா அண்ணே?" என்பதே கடைக்குள் நுழைகிறவர்களின் முதல் கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல வைத்தவன் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவன். நான் ஆசிரியராய் இருந்த பள்ளியில் படித்தவன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த குடும்பம். தந்தை கீழமாசி வீதியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. பையனிடம் காசு கிடையாது. மாதக்கணக்கில் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே ஒவ்வோர் அடியையும் மனப்பாடம் செய்திருந்தான். கோடை விடுமுறை தொடங்கியதும் கடைக்காரர் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். காலை ஏழு மணிக்கு வந்து, கூட்டிப் பெருக்கி, வாடிக்கையாளர் வருவதற்குள் இரண்டு கருவிகளிலும் எல்லா வீரர்களையும் திறந்துவைக்கவேண்டும். சம்பளம் கிடையாது. திறப்பதற்காக ஆடுவதே கூலி.

மகன் விடியற்காலையில் எழுந்து எங்கோ போகிறான் என்று கவலைப்பட்ட தந்தை என்னிடம் வந்தார். இருவரும் சேர்ந்தே அந்தக் கடைக்குப் போனோம். வாசலில் நாங்கள் நிற்பதுகூடத் தெரியாமல் பையன் ஆடிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் விளையாட்டின் குதூகலம் இல்லை. வேலை செய்பவனின் கவனம் இருந்தது. ஒரு வீரன் திறந்ததும் அதைக் கொண்டாடாமல் அடுத்தவனை எடுத்தான். பத்து மணிக்குப் பிள்ளைகள் கூட்டமாய் வந்தபோது எழுந்து இடம் விட்டு ஓரமாய் நின்றான்.

தந்தைக்கு விளையாட்டு புரியவில்லை. ஆனால் மகன் செய்வது என்ன என்பது உடனே புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் மூட்டையச் சொமந்து இறக்கி வச்சிட்டுப் போயிருவேன், சார். அதுக்குள்ள என்ன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. எவனோ பிரிப்பான், எவனோ திம்பான். இவனும் அதத்தான் செய்யிறான். இதுக்கா இவனப் படிக்க வைக்கிறேன்?"

பையன் தலைகுனிந்தவாறே பதில் சொன்னான்: "இல்லப்பா. இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். இருவர் சொன்னதும் உண்மை. பயனைப் பிறர் அனுபவிக்க, கூலியின்றிச் சுமப்பது சுரண்டல் என்று தந்தையின் அனுபவம் சொல்லிற்று. அறிவோடு செய்யும் வேலை சுமை ஆகாது என்று மகனின் மனம் சொல்லிற்று. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றொன்றை மட்டும் ஏற்க என்னால் இயலவில்லை. இன்றும் இயலவில்லை.

தந்தை கோபப்பட்டு மகனை இழுத்துச் செல்லவில்லை. கடைக்காரரிடம் அமைதியாகக் கூலியைப் பற்றிப் பேசினார். கடைக்காரரும் நல்ல மனிதர். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பையனுக்கு வேண்டிய நோட்டுப் புத்தகங்கள் அனைத்தையும் அவரே வாங்கிக் கொடுத்தார். கூடவே, மெமரி கார்டு ஒன்றும் வாங்கினார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த அட்டையின் கொள்ளளவு 128 கிலோபைட், பதினைந்து கட்டங்கள். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதில் அடங்காது. ஆனால் அந்தப் பையனின் ஒரு கோடைக்கால உழைப்பு முழுவதும் அதன் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. கடைசி முறையாக அவனே எல்லோரையும் திறந்து அட்டையில் பதிந்தான். தொடர்ந்து எத்தனை எதிரிகளை வெல்ல முடியும் என்று பார்க்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் முன்னணியில் வருபவர் மூன்று எழுத்தில் பெயர் பதிக்கலாம். அவனும் தன் பெயரின் மூன்று எழுத்தைப் பதித்தான். ராபினெட்டைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

அதன்பின் அவன் அங்கே தேவைப்படவில்லை. கதவுகள் எப்போதும் திறந்தே இருந்தன. புதிதாய் வந்த பிள்ளைகள், மோகுஜினும் ஓகரும் முதலிலிருந்தே அங்கே நிற்பவர்கள் என்று எண்ணிக்கொண்டனர். "எப்படித் திறந்தாய்?" என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேள்வி நின்றதும் பேச்சும் குறைந்தது. சில ஆண்டுகளில் கடையும் மூடப்பட்டது.

பையன் பாலிடெக்னிக்கில் படித்தான். இன்று டவுன்ஹால் ரோடு பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறான். 2024-ஆம் ஆண்டில் என் கைப்பேசியைக் கொடுக்கச் சென்றபோது பழைய கதை வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் 'டெக்கன் 8' வெளிவந்திருந்தது. தொடக்கத்திலேயே முப்பத்திரண்டு வீரர்கள். அதற்குமேல் வருபவர்களைத் தனியே பணம் கொடுத்து வாங்கவேண்டும். அப்படி முதலாவதாக விலைக்கு வந்தவர் யார் தெரியுமா? எடி. "அன்னைக்கு எடியத் திறக்கவே வேண்டாம், சார். வாசல்லயே நிப்பாரு. இன்னைக்கு அவருக்குத் தனியாக் காசு கட்டணும்" என்று சொல்லிச் சிரித்தான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 2012-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' என்ற விளையாட்டின் வட்டுக்குள்ளேயே பன்னிரண்டு வீரர்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்தனர். வட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் அவர்களைத் திறக்க மீண்டும் காசு கொடுக்கவேண்டும். எத்தனை திறமையாக ஆடினாலும் அந்தப் பூட்டு திறக்காது. வாங்கிய பெட்டிக்குள் இருப்பதற்கே இரண்டாம் முறை விலையா என்று உலகெங்கும் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர்.

நிறுவனங்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. இன்று ஒரு விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, கூலி வேண்டும். கூலியைக் கேட்டு வாங்குவதில் இழிவில்லை என்பதை ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியிடம் நானே கண்டிருக்கிறேன். இன்றைய பிள்ளைகளுக்கு ஒளிந்திருப்பதைத் தேடும் பொறுமை இல்லை என்று பழிப்பதும் சரியன்று. உலகின் ஒரு கோடியில் ஒருவன் கண்டுபிடிக்கும் இரகசியம் அன்று மாலையே இணையத்தின் வழியாக எல்லோர் கைக்கும் வந்துவிடுகிறது. தேடுவதற்கு எதை விட்டுவைத்தோம்?

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்க முடியவில்லை. முயற்சியால் திறக்கும் கதவைப் பற்றி அடுத்தவனிடம் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. எந்தப் பாலம், எந்த நிலவு, எத்தனை முறை என்று சொல்லும்போதே இருவர் நண்பர்களாயினர். பணத்தால் திறக்கும் கதவைப் பற்றிச் சொல்ல அதன் விலையைத் தவிர வேறென்ன இருக்கிறது? இல்லாதவன் முன் அந்த விலையைச் சொல்வது நட்பை வளர்க்குமா? காசில்லாத ஒரு பையன், முதுகுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தே எல்லோரிலும் தேர்ந்தவனாக வளர அன்றைய பூட்டுகள் இடம் கொடுத்தன. இன்றைய பூட்டில் அந்தச் சந்து அடைபட்டுவிட்டது என்பதே என் ஆதங்கம்.

மதுரையைச் சூழ்ந்த கரிசல் வெளியிலும் செம்மண் வெளியிலும் பயணம் செய்வோர் ஊர்தோறும் ஊருணிகளைக் காணலாம். முன்னொரு காலத்தில் எவரோ கூடி நின்று வெட்டியவை அவை. வெட்டியவர் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. நீர் மட்டும் இருக்கிறது. நம் வாழ்விலும் அப்படித்தான். நாம் பிறந்தபோதே திறந்திருந்த பள்ளிக்கூடக் கதவுகள், நம் வீட்டுப் பெண்கள் முதன்முதலாய்ப் படியேறிய அலுவலகங்கள், நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டு நமக்குக் கிடைத்த தெருக்கள் என எதுவும் முதலிலிருந்தே திறந்து கிடந்ததில்லை. யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து வந்து, தமக்கென்று கேளாமல், ஒவ்வொன்றாய்த் திறந்துவைத்துவிட்டு ஓரமாய் நின்றிருக்கிறார்.

அவர்களுக்குரிய கூலியை அக்காலம் கொடுத்ததா என்பது தந்தையின் கேள்வி. அவர்கள் அதை எத்தகைய மகிழ்ச்சியோடு செய்தார்கள் என்பது மகனின் விடை. நாம் செய்யக்கூடியது, அடுத்தமுறை ஒரு திறந்த கதவின் வழியே நுழையும்போது, இதைத் திறந்தவர் யார் என்று ஒரு கணம் நின்று கேட்பதே. கேட்டால் சொல்வதற்கு இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.